ஜெபமணி கழற்றாத பல்செட்

போன வாரம் ஜெபமணியை மும்பை சயானில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டுதான்! ஆபீஸில் என் பக்கத்து சீட். வீடு தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மேல்வரிசை முழுக்கப் பல்செட்.

சில மாதங்களாக அண்ணம் சிவந்து எரிச்சல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஜெல் தடவினால் குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். காரம் பட்டால் எரியும் என்று லஞ்ச் டப்பாவில் தினமும் தயிர்சாதம். கேன்சராக இருக்குமோ என்ற பயத்திலேயே டாக்டரிடம் போகாமல் இருந்திருக்கிறாள். என்ன செய்வது இவளை?

டாக்டர் பார்த்துவிட்டு, கேன்சர் இல்லை, பூஞ்சை என்றார். தடவிய ஜெல்லும் சரியான மருந்துதானாம். அப்புறம் ஏன் ஆறவில்லை?

அவர் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இது. பூஞ்சை பல்செட்டின் உட்புறம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்று பெயர். தனியாகத் திரியும் பூஞ்சையைக் கொல்லும் மருந்து, இதற்குள் அவ்வளவாகப் பலிக்காது. மிச்சம் மீதி பிழைத்து மறுபடி பெருகும். தயிர்ப் பாத்திரத்தில் காய்ந்த ஏடு தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகுமா? தேய்க்க வேண்டாமா? பல்செட்டையும் தினம் தேய்க்கணும், ராத்திரி கழற்றி ஊற வைக்கணும்.

ராத்திரி கழற்றுவதுண்டா என்று கேட்டார். ஜெபமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "ஒத்த ரூம்பு வீடு. மருமவ வந்து ஒரு வருசம்கூட ஆவல. அவ முன்னால பொக்க வாயோட கெடக்கச் சொல்லுதியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேன்சர் என்று பயந்து சாகலாம், பல் இல்லாதது தெரியக் கூடாதா? ஆட்டோவில் தாராவி வரைக்கும் திட்டினேன்.

மறுநாள் ஆபீஸில் அவளே விஷயத்தைச் சொன்னாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, பல்செட்டை டம்ளரில் போடப் போயிருக்கிறாள். மருமகள் அலமாரியிலிருந்து மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாளாம்.

"டம்ளர் வேணாம் அத்தை, கரப்பான் வரும். நான் வந்த புதுசுலயே வாங்கி வச்சேன். எப்படிக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

தூக்கத்தில் பல்செட் நழுவி டக் டக்கென்று சத்தம் போடுமாம். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம்! இதைச் சொல்லும்போது ஜெபமணி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இப்போது எரிச்சல் குறைந்துகொண்டு வருகிறது. நேற்று லஞ்ச் டப்பாவில் மீன் குழம்பு.

மருந்து? அதே பழைய ஜெல்தான்!