டிரைவர் இல்லாத கேரவன்

"டீச்சரம்மா, புத்தகம் படிக்கது வேற, வண்டி ஓட்டுதது வேற. நீ மதுரையத் தாண்டுதியான்னு பாப்போம்" என்றார் மாமா, அப்பாவின் அக்காவைக் கட்டியவர். திருப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் கேரவன் வந்து நின்ற காலையில் சொன்னது அது. மதுரையைத் தாண்டும்போது அவர் பின்கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு குட்டிக் கழிவறை உள்ள வேன் அது. வாடகை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் வாசித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளும் நான்தான். ஆனால் அடுப்பை ஒரு வேளைகூடப் பற்றவைக்கவில்லை. "கக்கூசுக்குப் பக்கத்துல எவளாவது சோறு பொங்குவாளா" என்று சொல்லிவிட்டாள் அம்மா. அடுப்பு பக்கத்தில் இருப்பதால் கழிவறைக்கும் யாரும் போகவில்லை. வழியில் இருந்த பெட்ரோல் பங்க்குகளில் ஒன்று விடாமல் நிறுத்தினேன். திருநெல்வேலி வந்து சேரும்போது மூன்று மணி நேரம் தாமதம்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது விக்கிரமசிங்கபுரத்துக்கு, எங்கள் குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு. அங்கே நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிவந்தார். எனக்கு அப்போது பத்து வயது. சாமான் லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் அந்த ஊரை விட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று வண்டி பழகிய முதல் நாளே முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் அப்பா என் தோளைத் தட்டினார்.

"ஏட்டி, ஓரமா நிறுத்து. இங்கன இருந்து மாமா ஓட்டட்டும். நீ பின்னால போயி உக்காரு."

"ஏம்ப்பா, நான் ஒழுங்காத்தானே ஓட்டுதேன்?"

"ஒழுங்காத்தான் ஓட்டுத. அதுக்கில்ல. டிரைவர் வைக்க வக்கில்லாம பெத்த புள்ளய ஓட்ட விட்டிருக்காம்னு மில்லுக்காரனுவ சொல்லுவானுவ. ஒன்ன எதுக்குப் படிக்க வச்சேன்? பின்னால உக்காந்து வரத்தான்."

சைக்கிளை ஓரங்கட்டி நின்று அப்பா வழிவிட்ட கார்களில் எல்லாம் பெரிய ஆட்கள் பின்சீட்டில்தான் இருந்திருப்பார்கள். அது எனக்குப் புரியாமலில்லை. புரிந்ததால்தான் எரிச்சல் கூடியது.

மாமா இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். ஒரு காலத்தில் மினி லாரி ஓட்டியவர். இப்போது சொந்தமாக மூன்று லாரி வைத்திருக்கிறார்.

"ஏன் வே, ஒம்ம மக டிரைவர்னா கேவலம், நான்னா கேவலம் இல்லையோ? நான் பொண்ணெடுத்த ஊரு வே இது."

"அப்படி இல்ல அத்தான்."

"பின்ன எப்படி?"

இருவரும் வாய்க்கால் ஓரத்தில் நின்று பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். அத்தை ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ரெண்டு பேரும் பின்னால நின்னு தள்ளிட்டு வாங்க. யாரும் ஓட்டுனதா இருக்காது" என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பி நீளமாக ஹாரன் அடித்தேன். ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள்.

மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த அண்ணாச்சி ஒருவர் அடையாளம் கண்டு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புள்ளையா ஓட்டுது?" என்றார்.

"டிரைவருக்கு வயித்துப்போக்கு. திருநெல்வேலியில எறக்கி விட்டுட்டு வாரோம்" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "பாவம், சின்னப் பையன்" என்று அம்மாவும் சேர்த்துக்கொண்டாள்.

"டிரைவரே கெடையாது அண்ணாச்சி. திருப்பூர்ல இருந்து நான்தான் ஓட்டிட்டு வாரேன்" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா டீயைப் பார்த்தார். "எத்தன மணிக்குக் கெளம்புனீய?" என்று மட்டும் கேட்டார் அண்ணாச்சி.

திரும்பும் வழி முழுக்க அப்பா பின்கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு வந்தார். திருப்பூரில் இறங்கியதும் மாமாவிடம் சொன்னார்: "அடுத்த வருசம் கோயில் கொடைக்குச் சொந்தக்காரங்க அம்புட்டு பேரயும் கூட்டிட்டுப் போவோம் அத்தான். பஸ்ஸே பிடிச்சிருவோம். பஸ்ஸுன்னா டிரைவர் வச்சுத்தானே ஆவணும்." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

போன வாரம் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் எடுத்துவிட்டேன். தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், பயிற்சிப் பள்ளியின் பழைய பஸ்ஸில் கியர் மாற்றப் பழகுகிறேன்.