ஒன்பது புள்ளிப் பூட்டு

எனக்குப் பொறுமை குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வா" என்று மாணவர்களிடம் எரிந்து விழுவது என் அன்றாடம். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து எங்கள் தெருப் பெண்கள் டீச்சர் ஆக்கினார்கள் என்றால், அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் தெரு முதலியார்பேட்டையில், மூடிக் கிடக்கும் பஞ்சாலைக்குப் பின்பக்கம். அன்று மில்லுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, சேதராப்பட்டு கம்பெனி என்று திக்குக்கு ஒருவராக வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் புதுப் போன் வாங்கியதும் பழையது அம்மாவுக்கு வந்து சேரும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டும் கூடவே வராது. கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்று ஒரு பதில். புரியாது என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லத் தெரியாது என்பது என் அனுபவம்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம், தெருக்கோடி சொல்தா வீட்டுக் கூடத்தில் வகுப்பு. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, எங்கள் பேச்சில் சொல்தாவாக, இருந்தவர் கட்டிய வீடு அது. குடும்பம் முழுக்க பிரான்சில் இருக்கிறது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பாய் விரித்து உட்காருவோம். யாருக்கு எந்த வார்த்தை புரியவில்லையோ அதைக் கேட்கலாம். நான் அதை அடுப்படிச் சாமான், கோயில், சந்தை என்று அவர்கள் கண்டதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

"ஓ.டி.பி.ன்னா என்னா டீச்சர்?"

"செதறு தேங்கா மாதிரிக்கா. ஒரு வாட்டி ஒடச்சா அவ்ளோதான், அதையே திரும்ப ஒடைக்க முடியாது. ஆனா நீங்க ஒடைக்கறதுக்கு முன்னாடி எவனாவது போன் பண்ணி அந்தத் தேங்காயக் குடுன்னு கேட்டா குடுத்துடாதீங்க. உங்க வேண்டுதல அவன் முடிச்சிக்குவான்."

'கிளவுட்' என்றால் என்ன என்று கேட்டது மாவுக்கார அக்கா. எங்கள் தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். வெயில் காலத்தில் அவர் வீட்டுப் பிரிட்ஜ் போதாமல், மாவுத் தூக்குகள் தெருவில் பாதி வீட்டுப் பிரிட்ஜ்களில் குடியிருக்கும். எனக்கு உதாரணம் கையிலேயே இருந்தது.

"உங்க மாவு எங்க வீட்டு பிரிட்ஜ்ல இருக்கில்ல, அந்த மாதிரிதான். நம்ம போட்டோ, பாட்டு எல்லாம் எங்கியோ ஒரு பெரிய கட்டடத்துல, வேற ஒருத்தரு மெஷின்ல இருக்கும். வேணுங்கறப்ப வாங்கிக்கலாம்."

அவர் விடவில்லை. "பிரிட்ஜ்காரங்க ராத்திரில எடுத்து தோசை சுட்டுக்கினா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், பதில் தெரியாததால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

வார்த்தைகளை எளிதாக்கப் போய், அவை எவ்வளவு பெரிய சங்கதிகள் என்று எனக்கே உறைக்க ஆரம்பித்தது அந்தக் கூடத்தில்தான். இருபது வருடமாக வாயில் போட்டு மென்று துப்பிய வார்த்தைகள். 'டவர்' என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்து, நம் தலைக்கு மேல், நமக்குள் கூட, ஊரார் பேச்சு முழுவதும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லி முடித்தபோது, ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியை மாவுக்கார அக்காதான் வைத்திருந்தார். அதற்கு முன் அவர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். மெஷின் சத்தத்தை மீறிப் பேசியே பழக்கமானதால் வீட்டிலும் அதே குரல்தான். "தண்ணி வந்துடுச்சா?" என்று அவர் பெண்சாதியைக் கேட்டால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆள் பிழைக்க வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. பேச்சு கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ், "அவர் குரலை போன்ல பதிஞ்சு வெச்சுக்கங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் பதிந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கேக்க தைரியம் வரல டீச்சர். இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், அதுவே எனக்குத் தெம்பு. ஆனா ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கொரலு உள்ள எப்டி இருக்குது?"

"எண்ணா மாறி இருக்குக்கா. ஒண்ணு, சைபர். வெளக்கு எரியுது, எரியல. ரெண்டே ரெண்டுதான். அத லட்சக்கணக்குல வரிசையா வெச்சிருக்கு. நீங்க பொத்தான அமுக்குனா அது வரிசையாப் படிச்சு, திரும்ப கொரலாக்கிடும்."

"அவரு இருமறதும்?"

"அதுவும்."

"மூக்க உறிஞ்சறது?"

"எல்லாந்தான்."

அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் என் போனைப் பார்த்தேன். ஒரு மனுஷனின் அதட்டல், அலுப்பு, பாசம் எல்லாம் எரியுது, எரியல என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு சின்னச் சில்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதை நான் காலேஜில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக மயிர்க்கூச்செறிந்தது.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. பேரப்பிள்ளை போனை எடுத்து விளையாடும்போது எதையெதையோ அழித்துவிடுகிறது. அதனால் பூட்டுப் போட வேண்டும். கைரேகை வைத்துப் பார்த்தோம். உளுந்திலும் தண்ணீரிலும் ஊறித் தேய்ந்த விரல். போனுக்கு அடையாளமே தெரியவில்லை. நம்பர் வைக்கலாம் என்றால் மறந்துவிடும் என்றார். கடைசியில் ஒன்பது புள்ளியை விரலால் இழுத்துச் சேர்க்கும் பூட்டைக் காட்டினேன்.

"கோலம் மாதிரிதாங்க்கா. புள்ளி அதுவே வெச்சிருக்கும். கை தூக்காம நீங்க இழுத்தாப் போதும். யாருக்கும் காட்டாதீங்க."

எல்லாரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா இழுத்தார், மறுபடி இழுத்தார், பூட்டு விழுந்தது. குரலுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதை அடுத்த வகுப்பில் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன். கோலம் என்று சொன்னது என் சாமர்த்தியம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அடுத்த சனிக்கிழமை நான் கூடத்தைத் திறப்பதற்கு முன்பே அக்கா வாசலில் நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"தொறக்க மாட்டேங்குது டீச்சர். எந்தக் கோலம் போட்டாலும் தொறக்க மாட்டேங்குது."

"எந்தக் கோலம் போட்டாலுமா? எத்தனை கோலம் போட்டீங்க?"

"தெனம் வேற வேறதான் போட்டேன்."

"ஏங்க்கா? அன்னிக்குப் போட்டதையே போடணும்னு தெரியாதா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவருக்கும் கோபம் வந்தது. "நீங்கதான கோலம்னு சொன்னீங்க? நேத்துப் போட்ட கோலத்தயே இன்னிக்கும் எவளாவது வாசல்ல போடுவாளா? பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

கோலத்தை நான் புள்ளிக்காகக் கடன் வாங்கினேன்; அவர் கோலத்தை முழுசாக வாங்கிக்கொண்டார். தப்பு யார்மேல் என்று கேட்டால் வெட்கத்தோடு என்னைத்தான் காட்ட வேண்டும்.

"சரி, அன்னிக்கு என்ன போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"கோலத்த யாரு ஞாபகம் வெச்சிக்கறா? மிதிச்சு, அழிஞ்சு, காத்துல போறதுதான அது?"

வந்த அழைப்புகளையெல்லாம் அவர் பூட்டைத் திறக்காமலேயே பேசியிருக்கிறார். மற்ற நேரத்தில் போட்டுப் போட்டுப் பார்த்ததில், ஒரு தடவை தப்பாகப் போட்டாலே ரொம்ப நேரம் காத்திருக்கச் சொல்லும் அளவுக்குப் போன் முரண்டு பிடித்திருந்தது. கடைத்தெருவில் ரிப்பேர் பார்ப்பவர், "ரீசெட் அடிச்சா தொறந்துக்கும், ஆனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். ரீசெட் என்றால் என்ன என்று அக்காவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஓடி வந்துவிட்டார்.

ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. வேறெங்காவது அந்தக் குரல் இருக்க வழி உண்டா, யாருக்காவது அனுப்பினீர்களா என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயும் இல்லை. அந்த ஒரு போனில்தான்.

தையல்கார அக்கா தொண்டையைச் செருமினார். அவர் மாவுக்கார அக்காவுக்கு எதிர் வீடு. மார்கழியில் இருவர் வாசலுக்கும் நடுவே ஒரு பனிப்போரே நடக்கும். யார் கோலம் பெரிசு என்ற சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தி வெகு காலமாகிறது. பாயில்கூட முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

"நான் பாத்தேன்" என்றார்.

"என்னத்த பாத்தீங்க?"

"அன்னிக்கு அவ போட்டத."

"பாக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"பக்கத்துல ஒருத்தி கோலம் போடறா, திரும்பிப் பாக்காம எப்டி டீச்சர் இருக்கறது?" என்று என்னையே கேட்டுவிட்டு, மாவுக்கார அக்கா பக்கம் திரும்பாமலே பேசினார். "கீழ எடது மூலைல ஆரம்பிச்சா. யாராவது கீழேர்ந்து ஆரம்பிப்பாங்களா? நேரா மேல போனா. அங்கேர்ந்து குறுக்கால நடுப்புள்ளிக்கு எறங்குனா. அப்புறம் வலது பக்கம் மேல் மூலைக்கு ஏறி, நேரா கீழ வந்து உட்டுட்டா. நடு வரிசைல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு புள்ளி அனாதையா நின்னுச்சு. ராத்திரி பூரா எனக்கு மனசு ஆறல."

நான் தையல்கார அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காகப் பொறாமையோடு பார்த்த கண். போட்டவளே மறந்துவிட்டதை, பிடிக்காத எதிர் வீட்டுக்காரி ஒரு புள்ளி பிசகாமல் வைத்திருந்தாள். நகல் என்ற வார்த்தைக்கு நான் எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். நிஜ நகல் என் பாயிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

போன் அனுமதிக்கும் நேரம் வரும்வரை காத்திருந்தோம். மாவுக்கார அக்கா விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வைக்காமலே இழுத்துக்கொண்டார். தையல்கார அக்கா நகர்ந்து வந்து, அந்த மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டார்.

"கீழேர்ந்துடி. ம். மேல போ. இப்ப குறுக்கால."

திறந்தது.

யார் முதலில் அழுதார்கள் என்று தெரியவில்லை. நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய். குரல் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது. கையோடு கையாக என் போனுக்கும், அவர் மகள் போனுக்கும் அனுப்பி வைத்தேன். அக்கா "இப்ப வாணாம், இங்க வாணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவர் வீட்டுக்காரர், அழைத்துப் போக வந்திருந்தார். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு வாசற்படியில் நின்று, எல்லாருடைய ஈர முகத்தையும் பார்த்து, என்ன என்று கையை விரித்தார். அக்கா அவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பொத்தானை அமுக்கிவிட்டார்.

முதலில் குக்கர் விசில். அப்புறம் அக்காவின் குரல்: "எதுனா பேசுங்க." ஒரு இருமல். அதன் பிறகு அந்த முரட்டுக் குரல், தெருவையே எழுப்புகிற அதே குரல், சொல்தா வீட்டுக் கூடம் முழுக்க நிறைந்தது.

"என்னாத்தடி பேசறது? அதான் தெனம் பேசறேனே. வெச்சிடு. நாளைக்குப் பேசறேன்."

அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பதிந்தது அது. அவர் குரலில் அக்காவிடம் மிச்சமிருந்தது இவ்வளவுதான்.

எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவர் உள்ளே வந்தார். அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, எந்தப் பொத்தான் என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். காட்டினேன். அமுக்கிவிட்டுப் போனைத் தன் கழுத்துத் துணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்காவின் எதிரில் நின்றார். விசில் வந்து போனது. இருமல் வந்தது. குரல் ஆரம்பித்தபோது அவர் உதடும் கூடவே அசைந்தது. ஒரு சொல்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. "வெச்சிடு. நாளைக்குப் பேசறேன்" என்று அவர் வாயே சொன்னது, எங்கள் எல்லார் கண்ணுக்கும் காதுக்கும் அவரேதான் சொன்னார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார்.

"சரி, நாளைக்கே பேசுங்க."