நான் வாசிக்காமல் விட்ட வரிகள்

பேரன் தாராவியிலிருந்து ஒரு தோல் செருப்பு வாங்கி வந்தான். “போட்டுப் பாருங்கோ தாத்தா” என்கிறான். நான் அதை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். நானோ மாதுங்கா ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

வெள்ளைக்காரன் காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில் நான் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மெஸ் சாப்பாடு, ஆபீஸுக்குக் கிளம்புமுன் இரண்டு பக்கம் எழுத்து. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்காகச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, என்னிடம் நல்ல பேனா இருந்ததே தவிர கதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெஞ்சில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அப்படி வந்தவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம்; தாராவியில் தோல் பதனிடும் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து அந்த வாசனை போகாது. ஊரில் பள்ளிக்கூடம் போகும் மகள் பேச்சிக்கு நலம் விசாரித்து இரண்டு வரி; பிறகு ஒரு கதை.

“எழுதுங்க சாமி. ஏளா பேச்சி, இன்னைக்கு ஒரு தோலு வந்துச்சு. முதுவுல கீறலு, அது உடங்காட்டு முள்ளு. தொடையில சூடு, அது களவாணிப்பய போட்டது. தடவிப் பாத்தா மாடு நடந்த வழி பூராம் தெரியும்.”

அந்த வழியே கதையில் ஒரு பெண் புறப்படுவாள், காணாமல் போன அண்ணனைத் தேடி. எழுத மறந்து வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். நான் பத்து நாள் மோட்டுவளையைப் பார்த்தாலும் வராதது, அவருக்குப் பீடி பற்றவைப்பதற்குள் வந்தது.

“எங்கேர்ந்துய்யா வரது இதெல்லாம்?”

“தோலுதான் சொல்லுது சாமி. நாம சும்மா கேக்கதுதான்.”

மெஸ்ஸுக்கு ஓடி, மறப்பதற்குள் அதையே என் தொடரில் எழுதினேன். என் பெயரில். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

பேச்சிக்குப் படிக்கத் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு அவர் நீட்டிய கடிதத்தைப் பிரித்தேன். “அப்பா, நீ சொன்ன கதையெல்லாம் எங்க வாத்தியார் வாங்குற பத்திரிகையில அப்படியே இருக்கு. அதை யாரோ வாசிக்கக் கேட்டுட்டு, நீயே சொன்னதா பொய் சொல்லியிருக்க. இனிமே எனக்குக் கதை வேண்டாம்.” அச்சில் வந்ததுதான் அசல் என்று நம்புகிற வயது.

“என்ன சாமி எழுதியிருக்கா?”

“சௌக்கியமாம். பாடம் ஜாஸ்தியாம். இனிமே கதை வேண்டாமாம்.”

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “அதுவும் சரிதான். படிக்கட்டும்.”

அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்காவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். எழுதி எழுதி விலாசம் எனக்கு மனப்பாடம். செய்யவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் நலம் விசாரிக்கும் இரண்டு வரிதான். தொடரின் கடைசி அத்தியாயங்களை நானே எழுதினேன். சப்பென்று இருக்கும்.

தாராவியில் தோல் ஊறிய தொட்டிகள் போய்விட்டன. மெஸ் போய்விட்டது. ஸ்டேஷன் பெஞ்சில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. இசக்கிமுத்து எந்த வருஷம் ஊர் திரும்பினார் என்றுகூட எனக்குத் தெரியாது.

செருப்பை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். விரலில் ஒரு கீறல் தட்டுப்பட்டது. எந்தக் காட்டு முள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.