குட்டி விமானத்துக்கு வராத ரப்பர் வளையம்

புதுத் துணி வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து வந்தால், எனக்கு இப்போதும் அந்தக் கோடவுன்தான் ஞாபகம் வரும்…

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். என் வீட்டுக்காரர் அங்கேயே நிட்டிங் மெஷின் மெக்கானிக். எங்கள் முதலாளிக்கு விமானப் பைத்தியம். வெளியூர் போய் ஓட்டக் கற்று, பர்மிஷன் எல்லாம் வாங்கி, வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டி விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் வரவழைத்தார். ரெண்டே சீட்டு. துணி ரோல்களை ஒதுக்கிவிட்டு, கோடவுனில் அதை மாட்டிச் சேர்த்தது என் வீட்டுக்காரர்தான்.

"முடிஞ்சதும் பக்கத்து சீட்டு உனக்குத்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டார். மனுஷன் அன்றிலிருந்து தூக்கத்திலும் சிரித்தார். எனக்குத்தான் தூக்கம் போனது.

எல்லாம் மாட்டியாயிற்று. எஞ்சினையும் கார்புரேட்டரையும் சேர்க்கிற ஒரு ரப்பர் வளையம் மட்டும் பெட்டியிலேயே வெடித்து வந்திருந்தது. குழந்தை வளையல் அளவுதான். அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

போன் போட்டால் முதலில் ஸ்டாக் இல்லை என்றார்கள். அப்புறம் அனுப்பியாச்சு என்றார்கள். அப்புறம் கஸ்டம்ஸில் நிற்கிறது என்றார்கள்…

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியவே இல்லை. இங்கே மெஷின் ஊசி தீர்ந்தால் பக்கத்துக் கம்பெனியில் கேட்போம். பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட, ஷிப்மென்ட் அவசரம் என்றால் கொடுத்துவிடுவான். கட்டிங் மாஸ்டர் தினமும் என் வீட்டுக்காரரைக் கேலி பேசுவார்; இவரும் விடமாட்டார்.

"ஏனுங்க, பக்கத்து கம்பெனில கேட்டுப் பாக்கறதுதானுங்க?"

"கேட்டனுங்க. அவிங்க ஏரோப்ளேன் சர்வீசுக்குப் போயிருக்குதாமா!"

சிரிப்பார்கள். ஆனால் முதலாளிக்கு அவசரம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் காற்று ஆளையே தள்ளும். அதற்குள் பறக்காவிட்டால் ஐப்பசி வரை கிடக்க வேண்டியதுதான்.

கிடைக்காத பாகத்தை மாதிரி காட்டிப் பட்டறையில் அடித்துக்கொள்வது எங்கள் ஊரில் சகஜம். நிட்டிங் மெஷினுக்கு என் வீட்டுக்காரரே எத்தனையோ அப்படி அடித்து ஓட்டியிருக்கிறார். அதே பழக்கத்தில், வெடித்த வளையத்தைக் கோயம்புத்தூரில் ஒரு ரப்பர் பட்டறையில் கொடுத்து, அச்சாக அதே போல் செய்து வாங்கி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலாளியின் தோப்பில், விமானத்தின் வாலைத் தென்னைமரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு எஞ்சினை ஓட்டினார்கள். நானும் போயிருந்தேன். நன்றாகத்தான் ஓடியது. முதலாளி கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் இருமல் மாதிரி ஆகி, நின்றே போனது.

கழற்றிப் பார்த்தால், வளையம் ஊறின அப்பளம் மாதிரி தொளதொளவென்று… பெட்ரோல் பட்டு இளகி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

நான் தென்னைமரத்தைப் பார்த்தேன். அப்புறம் வானத்தைப் பார்த்தேன்.

முதலாளிதான் முதலில் பேசினார். "வேற ரப்பர்ல ஊத்தச் சொல்லலாம். ஆடி வந்துரும்பா."

"வேண்டாமுங்க. ஒரிஜினலே வரட்டுங்க. நம்ம மெஷின் நின்னா துணிதானுங்க வீணாகும். இது நின்னா…"

"பயமா இருந்தா சொல்லு. சீட்டுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

"பாத்துக்கங்க. ஆனா செஞ்சு வாங்குன ரப்பர நான் மாட்ட மாட்டனுங்க."

அந்தச் சீட்டு என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். வரும் வழியில் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மெல்லக் கேட்டேன்.

"ஏனுங்க, வருத்தமா?"

"இல்லாம இருக்குமா புள்ள? பேசாம வா."

ஆடி போனது. ஆவணியும் புரட்டாசியும் போயின. முதலாளி அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. இவர் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். விமானப் பேச்சையே எடுக்க மாட்டார்.

தீபாவளிக்கு ஊரே பரபரப்பாக இருந்தபோது பார்சல் வந்தது. முதலாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நிட்டிங் செக்‌ஷனுக்கே வந்தார். "வந்துருச்சப்பா. நீயே மாட்டு… நீயே ஏறு" என்றார்.

பறந்தார்கள். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கீழே நின்றேன். கொஞ்ச நேரம்தான். இறங்கி வந்த என் வீட்டுக்காரர் எஞ்சின் சத்தத்தில் காது அடைத்துப்போய், அன்றைக்கு முழுக்கக் கத்தித்தான் பேசினார்.

"புள்ள! மேல இருந்து பாத்தா நம்ம கம்பெனி சோப்பு டப்பாவாட்டம் இருக்குது!"

"மெதுவாப் பேசுங்க, சனம் பாக்குது."

"பாக்கட்டுமே!"

போன வருஷம் அவருக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். ஒரு மருந்து சென்னையிலிருந்து வரவேண்டும், சாயங்காலமே வந்துவிடும் என்றார் டாக்டர்.

"சாயங்காலமேவா!" என்று அந்த மூச்சிரைப்பிலும் சிரித்தார். "அப்பெல்லாம் ஒரு வளையத்துக்கு ஆடி போயி தீவாளியே வந்துருச்சுங்க டாக்டர்."

மருந்து சொன்ன நேரத்துக்கு வந்தது. ஏற்றினார்கள். அந்த வாரமே போய்விட்டார்.

இப்போது எது வேண்டுமென்றாலும் போனில் அழுத்தினால் மறுநாள் வாசலில் நிற்கிறது. ஒரு நாள் தள்ளிப்போனால் என் மகன் கோபப்படுகிறான்.

அப்போதெல்லாம் எதுவுமே நேரத்துக்கு வரவில்லை. வருகிற வரைக்கும் அவர் இருந்தார்.