ஓரகத்திகளை ஒருத்தியாக்கியது

2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி துவைத்துக் காயப்போட்டேன். பேனாவில் மை நிரப்பினேன். முந்தைய நாள் குறிப்பை ஒருமுறை படித்துத் திருத்தினேன். டீ குடித்துவிட்டு, அச்செடுத்த ஓர் அத்தியாயத்தோடு விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் கிளம்பினேன்.

அந்தப் பட்டறைக் குடும்பங்களிடையே மானிடவியல் களப்பணி செய்தவன் நான். ஆய்வேடு முடிந்ததும் அதையே நாவலாக்க உட்கார்ந்தேன். பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் படித்துக் காட்டுவேன், வேண்டாமென்றால் எடுத்துவிடுவேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

இந்த அத்தியாயம் இரண்டு ஓரகத்திகளுடையது. ஒரே பட்டறையில் மூத்தவர் அச்சில் மண்கூழ் ஊற்றுவார். இளையவர் பொம்மைகளின் பிசிறு சீவுவார். பாகம் பிரித்து வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூன்றாவது ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். களப்பணிக் காலம் முழுக்க அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

ஆள் தெரியக்கூடாதென்று நாவலில் இருவரையும் ஒருத்தியாக்கியிருந்தேன். ஈரம் காயாத பொம்மைகளை முதலாளி அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றச் சொல்லி, அத்தனையும் வெடித்துக் கிடந்த நாளில், மூத்தவர் வாய் திறக்கவில்லை. இளையவர்தான் முதலாளியைக் கிழி கிழியென்று கிழித்தார். என் கதையில் ஒருத்தியே வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, பிறகு ஏசுவாள். நாவலிலேயே உருப்படியாக வந்திருந்த இடம் அது.

கோயிலில் பூசை முடிந்து வந்த மூத்தவரின் வீட்டில் படித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது அவ திட்டுனதாச்சே சாரு?”

“ரெண்டு பேரையும் ஒரே ஆளா மாத்திட்டேங்க. யாருக்கும் தெரியாது.”

“ஒருத்தியாக்கிட்டீங்களா? அந்த ஒருத்தி எந்த வூட்டுல சோறு பொங்குவா? செவுத்து மேலயா?”

சுவருக்கு அப்பாலிருந்து இளையவரின் குரல் வந்தது. “சாரு, அங்க சொல்லுங்க. நான் திட்டுனது அவங்க வாயில வரக்கூடாது. அன்னிக்கு முழிச்சிக்கிட்டு நின்னவங்கதானே!”

“நானும் அவ பேச்ச இரவல் கேக்கலன்னு சொல்லுங்க சாரு,” என்றார் மூத்தவர்.

“கதைன்னா அப்படித்தாங்க,” என்றேன்.

“அப்ப உங்க வூட்டு ஆளுங்கள வச்சு எழுதுங்க,” என்றார் மூத்தவர். சுவருக்கு அப்பால் சிரிப்புக் கேட்டது. என்னை மறுப்பதில் மட்டும் இருவருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

எரிச்சலோடு வீடு திரும்பினேன். ஆய்வேட்டில் இருவரும் தனித்தனியாக, சரியாகத்தான் இருந்தார்கள். அதை யாரும் படிக்கவில்லை. நாவலிலும் பிரித்து எழுதினால் சுவரையும் எழுத வேண்டும். எழுதினால் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். ஆனால் கொடுத்த வாக்கு இருந்தது.

மறுநாள் காலை, பல் விளக்கும் முன்பே கணினியைத் திறந்து, இளையவர் பேசியதை எல்லாம் அந்த அத்தியாயத்திலிருந்து எடுத்தேன். மிச்சமிருந்தவள் வெடித்த பொம்மைகளைப் பார்த்தபடி சூளை வாசலில் நின்றாள்.