முனியன் மூப்பர் ஆகாத கதை

உங்கள் சபைக்கு மூப்பரைத் தேர்ந்தெடுத்த அன்று, உங்கள் மறுநாள் கூலி யார் கையில் இருந்தது? பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால், திருத்தணிக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள்.

முனியன் ரயில் பாதையில் சரளைக்கல் கொட்டும் கூலி. ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரத் துரை அவருக்கு மோசே என்று பெயர் வைக்கப் பார்த்தார். "பேரை மாத்திட்டா தெரு மாறிடுமாங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு, முனியனாகவே முங்கி எழுந்தார். முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றார். கற்றதைப் பூட்டி வைக்கவில்லை. சேரியின் சின்ன ஜெபக்கூடத்தில், வேலை விட்டு வந்த சாயங்காலங்களில், எட்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாற்று நடுகிற இருபத்திரண்டு பேரின் கைகள் சிலேட்டுப் பிடித்தன. காலரா வந்தபோது, பிணத்தைத் தொட ஆளில்லாத வீடுகளில் அவர் தொட்டார். சண்டையென்று வருபவர்களுக்கு உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். நாளைக்கு வரச் சொல்வார். பாதி வழக்கு அதிலேயே செத்துவிடும்.

1946இல் சபைக்கு உள்ளூர் மூப்பர் ஒருவர் வேண்டும் என்று மிஷன் முடிவு செய்தது. கூடத்தின் சாவி இனி அவரிடம். எழுத்து வகுப்பு நடப்பதும் நிற்பதும் அவர் சொல். முனியன் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதில் என்ன குற்றம்?

எதிரே நின்றவர் ராஜமாணிக்கம். சபையில் நிலமுள்ள ஒரே குடும்பம். வருஷத்தில் இரண்டு ஞாயிறு கோயிலுக்கு வருவார்.

அங்கே ஓட்டுச்சீட்டு கிடையாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்துவார்கள்; வேண்டியவர் பின்னால் போய் நிற்கவேண்டும். ஒளிவுமறைவில்லாத முறை என்று போதகருக்குப் பெருமை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிப் போன அடுத்த ஞாயிறுதான் தேர்வு. ஆராதனை முடிந்தபோது, ராஜமாணிக்கத்தின் மேஸ்திரி கோதண்டம் வாசலில் நின்றான். அவன் கிறிஸ்தவனே அல்ல.

"நாளைக்கு நடவு. யார் யார் வரீங்கன்னு பாத்துகினு இருக்கேன்," என்றான், வெற்றிலையை மென்றபடி.

அது போதும். ராஜமாணிக்கத்தின் பின்னால் வரிசை சுவர்வரை நீண்டது. எழுத்துக் கற்றவர்களில் இருபத்தொரு பேர் அங்கே. முனியன் பின்னால் நின்றது மணியம்மை என்ற விதவை மட்டும்.

"இன்னா மணியம்மா, நாளைக்கு லீவா?" என்று கோதண்டம் சிரித்தான்.

முனியன் திரும்பினார். "நீயும் அங்க போம்மா. ரெண்டு புள்ளைங்க வச்சிருக்க."

"நான் போவல அண்ணே. இன்னாத்துக்கு எட்டு வருசமா எழுத்து சொல்லிக் குடுத்த? அந்தாண்ட போய் நிக்கவா?"

"சொன்னா கேளு."

"மாட்டேன்."

அவள் நகரவில்லை. முனியன் நகர்ந்தார். தானே நடந்துபோய், ராஜமாணிக்கத்தின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். ஆளில்லாத இடத்துக்குப் பின்னால் அவள் எப்படி நிற்பாள்? அழுதுகொண்டே அவளும் வந்து சேர்ந்தாள்.

போதகர் ஏகமனதான தேர்வு என்று அறிவித்தார். முனியனின் தாழ்மைக்காக ஸ்தோத்திரமும் சொன்னார். தாழ்மையாம்! ஒருத்தியின் கூலியைக் காப்பாற்ற ஒரு மனிதர் தன் நியாயத்தைத் தன் கையாலேயே கொன்றார். மூப்பராகத் தகுந்தவர் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். சாவி மட்டும் ராஜமாணிக்கத்தின் மடிக்குப் போனது.

அடுத்த அறுவடைக்குக் கூடத்தில் வேர்க்கடலை மூட்டைகள் ஏறின. வகுப்பு நின்றது. முனியன் ஒரு தடவை போய்க் கேட்டார்.

"ஜெபம் பண்ற எடத்துல பள்ளிக்கூடம் எதுக்குடா?" என்றார் புது மூப்பர்.

"மூட்டைங்க ஜெபம் பண்ணுதுங்களா ஐயா?"

அதன்பின் அவரைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை. 1949இல் காய்ச்சலில் இறந்தார். அடக்கத்துக்கு மூப்பர் வரவில்லை. மணியம்மை வேதத்தை எடுத்தாள். மூன்று வருஷம் புத்தகம் பார்க்காத கண். இரண்டாம் வரியில் தடுக்கி நின்றது. அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

உங்கள் சபையில் அடுத்த தேர்வு வரும்போது ஆட்களை வரிசையில் நிறுத்த விடாதீர்கள். உள்ளறையில் ஒரு குடம் வையுங்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டையும் ஒரு வேப்பங்கொட்டையும் கொடுங்கள், புளி ஒருவருக்கு, வேம்பு மற்றவருக்கு; ஒவ்வொருவரும் தனியே போய், தனக்கு வேண்டியவரின் கொட்டையை அதில் போட்டு, மற்றதைப் பக்கத்தில் மூடிய பானையில் போட்டுவிட்டு வரட்டும். கூலி கொடுப்பவனின் ஆள் அன்று வாசல் பக்கம் வரக்கூடாது. வருகிற ஞாயிறே எழுந்து நின்று இதைக் கேளுங்கள்.