ஜம்பர் மூடு

ராயக்கோட்டையில் பிறந்த கிருபாராணி, ஓசூரில் ஓர் ஆலையின் பதிவேட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவர். 1998 ஜூலையில் நிர்வாகம் அந்தப் பிரிவைக் கலைத்தது. ஆய்வுக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை வெளியாருக்குப் போவதாயிற்று. கிருபாராணியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார் மேலாளர் மாரிசாமி.

"அந்த வேலைய எனக்கே குடுங்க சார். வீட்லயே செஞ்சு தரேன்."

மாரிசாமி சிரித்தார். "மூணு கம்ப்யூட்டரு ஒண்ணா ஓடணும்மா. சனிக்கிழம பத்து மணிக்கு வந்து பாப்பேன். ஓடலன்னா திங்கக்கிழம பேக்கிங்ல வந்து நின்னுக்கோ."

"வாங்க சார். காப்பி குடிச்சிட்டே பாக்கலாம்."

பழைய கணினிகள் மூன்று வீட்டுக் கூடத்தில் வரிசையாக அமர்ந்தன. நடுக்கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றிலிருந்து இடப்பக்கத்துக்கும் மற்றதிலிருந்து வலப்பக்கத்துக்கும் கேபிள் ஓடியது. ஏதேனும் ஒரு கார்டு மட்டும் இருந்தால் குறையில்லாமல் வேலை செய்தது. இரண்டையும் செருகினால் இரண்டுமே முடங்கின. திரையில் கோளாறு என்று காட்ட ஆளுக்கொரு மஞ்சள் ஆச்சரியக்குறி.

கார்டுகளை விற்ற கடைக்காரர் திம்மப்பன் புதன்கிழமை தொலைபேசியில் வழி சொன்னார். அப்போது கிருபாராணி ஜெபக்கூட்டத்தில் இருந்தார். போனை எடுத்தவர் கணவர் யேசுராஜ். நாசரேத்துக்காரரான அவர், ஓசூருக்கு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் தமிழைத் தவிர வேறொன்றைக் காதில் ஏற்றிக்கொண்டதில்லை. கேட்டதை நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒழுங்காக எழுதி வைத்தார்: "ரெண்டாவது கார்டில் ஜம்பர் மூடு." திம்மப்பன் அன்றே குடும்பத்தோடு திருப்பதிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கார்டில் ஊசிகள் இரண்டிரண்டாக நின்றன. ஓர் இணையின் மேல் நெல்மணி அளவில் கறுப்புத் தொப்பி ஒன்று இருந்தது. அதுதான் ஜம்பர். மூடச் சொன்னார், அது மூடித்தான் இருந்தது. கிருபாராணி அதைக் கழற்றி மறுபடி மூடினார். அழுத்தி மூடினார். வெள்ளிக்கிழமை மாலை வரையில் எத்தனை முறை மூடியும் ஆச்சரியக்குறி அசையவில்லை.

"பேக்கிங்ல நின்னா என்ன, கௌரவம் கொறைஞ்சா போயிரும்?" என்றார் யேசுராஜ்.

"நிக்கறதுக்குக் கால் இருக்குதுங்க. அந்தாளு சொல்லி திங்கக்கிழம அந்த கேட்டுக்குள்ள காலு வெக்க மாட்டேன். திம்மப்பன் சொன்னத அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

"'ரெண்டாவது கார்டுல ஜம்பரு மூடு, அந்தே'ன்னாரு. 'அந்த'ன்னு ஏதோ சொல்ல வந்தாரு, அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு."

கிருபாராணியின் கையிலிருந்த திருப்புளி நின்றது.

"கட்டாகலைங்க. அந்தேன்னா அவ்வளவுதான்னு அர்த்தம். மனுசன் தெலுங்கக் கலந்து பேசியிருக்காரு."

"சரி, தெலுங்குல மூடுன்னா என்னவாம்?"

"மூணு."

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று கூடை எண்ணுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். விளக்கைக் கார்டின் மேல் சாய்த்தார். ஊசிகளின் ஓரத்தில், தயாரிப்பாளரின் கிறுக்கல் என்று அவர் ஒதுக்கியிருந்த வெள்ளைப் புள்ளிகள் எண்களாகத் தெரிந்தன. இரண்டு கார்டுகளிலும் தொப்பி ஐந்தின் மேல் இருந்தது. கணினியைக் கூப்பிட ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்; ஒரே எண்ணை இரண்டும் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கின்றன. இரண்டாவது கார்டின் தொப்பியை மூன்றுக்கு மாற்றினார். திரையில் பார்த்தால், கணினியின் பின்புறம் எதுவும் செருகப்படாமல் கிடந்த ஒரு போர்ட்டும் அதே மூன்றைப் பிடித்திருந்தது.

"அதையும் நோண்டாத கிருபா. உள்ளதும் போயிரும்."

"சும்மா கெடக்கறதுக்கு எதுக்குங்க நம்பரு?" என்று செட்டிங்கில் அதை நிறுத்தினார். ஆச்சரியக்குறிகள் இரண்டும் மறைந்தன.

சனிக்கிழமை மாரிசாமி பத்து மணிக்கே வந்தார். இடப்பக்கக் கணினியில் தட்டச்சு செய்து நடுக்கணினியில் சேமித்த குறிப்பை, வலப்பக்கக் கணினியில் திறந்து காட்டினார் கிருபாராணி. மாரிசாமி தம் கையால் ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு பக்கம் மாற்றி இன்னொரு முறை.

"யாரும்மா இதெல்லாம் செட் பண்ணிக் குடுத்தது? வீட்டுக்காரரா?"

"அவரு போன் எடுத்தாரு சார். அதுக்கே எனக்கு மூணு நாள் ஆச்சு."

யேசுராஜ் காப்பித் தட்டோடு சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, திங்கக்கிழம கேட்டுக்கு வா. குறிப்புல மொதல் கட்டு எடுத்து வெக்கச் சொல்றேன்" என்றார் மாரிசாமி.

"நான் வரலிங்க சார். ஆளுகிட்ட குடுத்து அனுப்புங்க. அட்ரஸ்தான் இப்ப பாத்துட்டீங்களே."